வெடிமருந்தும் இரும்பு பீரோவும்

ஒரு பொருள் விலை உயர்ந்ததானாலும் சரி, ஆபத்தானதானாலும் சரி, அதை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினால்தான் நமக்கு நிம்மதி. நகைக்கும் நிலப்பத்திரத்துக்கும் அந்த வழக்கம் பொருந்தும். துப்பாக்கி மருந்துக்குப் பொருந்தாது. வீட்டில் மருந்து வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தரும் அமெரிக்காவில், அதற்கான பாதுகாப்பு விதிகள் கேட்பது மரப்பெட்டியை. அந்தப் பெட்டியின் ஒரு பக்கமாவது எளிதில் பிய்த்துக்கொண்டு போகும்படி இருக்க வேண்டும் என்கிறார்கள் மருந்துத் தயாரிப்பாளர்கள். வெடிக்கக்கூடிய பொருளுக்குப் பலவீனமான பெட்டியா என்று முதலில் திகைப்பாக இருக்கும். ஆனால் மருந்து எப்படி எரிகிறது, எப்படி மூப்படைகிறது என்ற இரண்டையும் தெரிந்துகொண்டால், பல ஆண்டுகள் அதைப் பத்திரமாக வைக்க வலிமை உதவாது, இளக்கம்தான் உதவும் என்பது விளங்கும். பெட்டி இளகிக்கொடுக்க வேண்டும், இடம் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், அளவு கொஞ்சமாக இருக்க வேண்டும். மற்ற விதிகளெல்லாம் இந்த மூன்றிலிருந்து கிளைத்தவை.

முதலில், வீட்டில் யார் இதை வைக்கிறார்கள் என்று பார்ப்போம். அமெரிக்காவில் இலக்குச் சுடுதலிலும் வேட்டையிலும் ஈடுபடும் பலர், சுட்டுத் தீர்ந்த பித்தளைத் தோட்டாக் கூடுகளை எறிவதில்லை. கடையில் மருந்து வாங்கித் தாங்களே மறுபடி நிரப்பிக்கொள்கிறார்கள். வாய் வழியாக மருந்து கிட்டிக்கும் பழைய பாணித் துப்பாக்கியால் சுடுவோர் இன்னொரு கூட்டம். முதல் கூட்டத்துக்கு வேண்டியது புகையிலா மருந்து. இரண்டாவது கூட்டத்துக்கு வேண்டியது கருமருந்து. பழங்காலத் துப்பாக்கிகளில் பயன்படுத்துவதற்காக 50 பவுண்டு, அதாவது சுமார் 23 கிலோ வரை, ஆலையில் தயாரான கருமருந்தை உரிமம் இல்லாமல் வைத்திருக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கிறது. மாநிலங்களும் ஊர்களும் இதைவிடக் கடுமையான வரம்பு வைக்கலாம். புகையிலா மருந்துக்கு அந்நாட்டின் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் விதித்தொகுப்பு வழிகாட்டுகிறது. வீட்டில் 20 பவுண்டு வரை ஆலையிலிருந்து வந்த டப்பாவிலேயே வைக்கலாம். அதற்கு மேல் 50 பவுண்டு வரை வைப்பதானால், குறைந்தது ஓர் அங்குலக் கனமுள்ள பலகையில் செய்த மரப்பெட்டியோ அலமாரியோ வேண்டும். இந்தியாவில் இப்படிப்பட்ட வழக்கம் பரவலாக இல்லை, வெடிபொருள் சட்டமும் வேறு. ஆகவே இங்கே பேசுவது அமெரிக்க வீட்டைப் பற்றித்தான், அதன் பின்னால் உள்ள வேதியியல் எல்லா ஊருக்கும் பொது என்றாலும்.

கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றின் கலவை. அரைத்து, அழுத்தி, மணிகளாக உடைத்தாலும் மூன்றும் தனித்தனிப் பொருள்களாகவே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. புகையிலா மருந்து அப்படியல்ல. பருத்தி போன்ற செல்லுலோஸில் நைட்ரிக் அமிலம் வினைபுரிந்து உருவாகும் நைட்ரோசெல்லுலோஸ்தான் அதன் உடம்பு. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனும் எரிபொருளும் ஒரே மூலக்கூறுக்குள் கட்டிப் போடப்பட்டிருக்கின்றன. சில வகைகளில் நைட்ரோகிளிசரினும் சேரும். இரண்டு மருந்துக்கும் வெளிக்காற்று தேவையில்லை என்பதால், மூடிவைத்தால் தீ அணைந்துவிடும் என்ற சமையலறைப் பாடம் இங்கே செல்லாது. மூடுவதால் தீ அணையாது, வேகம்தான் கூடும்.

வேகம் எவ்வளவு கூடும் என்பதை அளந்து சொன்னவர், புகையிலா மருந்தை 1884-இல் கண்டுபிடித்த பிரெஞ்சு வேதியியலாளர் போல் வியேல். மருந்து எரியும் வேகம் அதைச் சூழ்ந்துள்ள அழுத்தத்தைப் பொறுத்தது என்று அவர் காட்டினார். துப்பாக்கி மருந்துகளில் அழுத்தம் இரு மடங்கானால் எரிவேகமும் ஏறத்தாழ அந்த அளவுக்கு ஏறும். திறந்த வெளியில் ஒரு தட்டில் கொட்டிய சிறிதளவு புகையிலா மருந்து, மஞ்சள் நாக்கு நீட்டிச் சீறி எரிந்து அடங்கும். சத்தம் இராது. அதே மருந்து துப்பாக்கியின் அறைக்குள், காற்றழுத்தத்தைப் போல சுமார் 4000 மடங்கு அழுத்தத்தில், ஓரிரு மில்லி விநாடியில் எரிந்து தீர்கிறது. மருந்து ஒன்றுதான், சுற்றியிருந்த சுவர்தான் வேறு. எரிவதால் வாயு, வாயுவால் அழுத்தம், அழுத்தத்தால் இன்னும் வேகமான எரிதல் என்ற இந்தச் சுழலை நம்பித்தான் துப்பாக்கி வேலை செய்கிறது. வீட்டுச் சேமிப்பில் நாம் துண்டிக்க வேண்டியதும் இதே சுழலைத்தான்.

இதை எண்ணில் பார்த்தால் இரும்பு பீரோவின் நிலைமை தெளிவாகும். ஒரு கிலோ புகையிலா மருந்து எரிந்தால் சாதாரண வெப்பநிலைக் கணக்கில் சுமார் 900 லிட்டர் வாயு வரும். எரியும் வெப்பத்தில் அது ஏறக்குறைய பத்து மடங்கு விரியப் பார்க்கும். உள்ளே 300 லிட்டர் இடமுள்ள ஒரு பெட்டகத்தில், வாயு வெளியேறும் முன் மருந்து முழுவதும் எரிந்துவிட்டதாகக் கொண்டால், அழுத்தம் காற்றழுத்தத்தின் 30 மடங்குக்கு ஏறும். ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள கதவின் மேல் அது சுமார் 300 டன் விசை. எந்தப் பூட்டும் தாங்காது. ஆனால் கதவு பிய்ந்து பறக்கும்வரை அந்தப் பூட்டு அழுத்தத்தைச் சேர்த்துக்கொண்டே போகும், கேடு அங்கேதான். மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவோ, மடிப்பு இணைப்பில் பிரியும் தகர டப்பாவோ அழுத்தம் தலைதூக்கும்போதே வாய் திறந்துவிடும். பிறகு நடப்பது கடுமையான தீ விபத்து. குண்டுவெடிப்பு அல்ல. பெட்டியின் சுவர், இணைப்பு, மூலை ஏதேனும் ஒன்று தளர்வாக இருந்து அழுத்தத்தைத் தானே வெளியே விட வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் வற்புறுத்துவது இதற்காகத்தான். ஓர் அங்குலப் பலகைக்கு இன்னொரு வேலையும் உண்டு. மரம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. பக்கத்து அறையில் தீப்பிடித்தால், இரும்புத் தகட்டைவிட அது உள்ளிருக்கும் டப்பாக்களுக்கு அதிக நேரம் வாங்கித் தரும்.

இதுவரை பேசியது வெளியிலிருந்து வரும் தீயை. நெடுநாள் சேமிப்பில் இன்னொரு கேள்வி இருக்கிறது. மருந்து தானாகவே பற்றிக்கொள்ளுமா? நைட்ரோசெல்லுலோஸைப் பொறுத்தவரை பதில், ஆம், நாம் இடம் கொடுத்தால். 1846-இல் வேதியியலாளர் ஷோன்பைன் அதை அறிவித்த மறு ஆண்டே இங்கிலாந்தின் ஃபேவர்ஷாமில் அதைத் தயாரித்த ஆலை வெடித்துச் சுமார் 20 பேர் இறந்தனர். இழைகளுக்குள் சிக்கிய அமில எச்சமே அதன் நிலையின்மைக்குக் காரணம் என்பதும், கூழாக அரைத்துக் கழுவினால்தான் அது போகும் என்பதும் 1860-களில் ஃபிரெடரிக் ஏபெல் காட்டிய பிறகே தெளிவாயின. அமிலம் போனாலும் மூலக்கூறின் பலவீனம் போகவில்லை. நைட்ரோசெல்லுலோஸ் சாதாரண வெப்பநிலையிலும் மிக மெதுவாகச் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை விடுகிறது. அவை ஈரத்துடன் சேர்ந்து அமிலமாகி, இன்னும் வேகமாகச் சிதைக்கின்றன. பிரெஞ்சுக் கடற்படை இதற்குக் கொடுத்த விலை பெரிது. 1907 மார்ச் 12-இல் தூலோன் துறைமுகத்தில் ‘ஈயேனா’ போர்க்கப்பலின் மருந்தறை வெடித்துச் சுமார் 120 பேர் இறந்தனர். 1911 செப்டம்பர் 25-இல் அதே துறைமுகத்தில் ‘லிபர்த்தே’ வெடித்து ஏறத்தாழ 300 பேர் பலியாயினர். இரண்டுக்கும் கெட்டுப்போன மருந்தே காரணமாகச் சுட்டப்பட்டது. அப்போது நிலைப்படுத்தியாகச் சேர்த்த அமைல் ஆல்கஹால் ஆவியாகிப் போகக்கூடியது. அதன் இடத்தை டைஃபீனைலமீன் பிடித்தது.

இன்று கடையில் விற்கும் ஒவ்வொரு டப்பாவிலும் இத்தகைய நிலைப்படுத்தி ஏதோ ஒன்று, எடையில் சுமார் ஒரு சதவீதம், கலந்திருக்கிறது. சிதைவில் பிறக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளை அது தன்னோடு பிணைத்துக்கொண்டு, அமிலம் சேர விடாமல் பார்த்துக்கொள்கிறது. ஆனால் அது சிதைவை நிறுத்துவதில்லை. விளைவை விழுங்குகிறது, விழுங்க விழுங்கத் தானும் தீர்ந்துபோகிறது. ஆகவே புகையிலா மருந்தின் ஆயுள் என்பது, உண்மையில் அந்த ஒரு சதவீதத்தின் ஆயுள். குளிர்ந்த இடத்தில் அது பல பத்தாண்டுகள் வரும். வெப்பநிலை பத்து டிகிரி ஏறினால் சிதைவு வேகம் இரண்டிலிருந்து நான்கு மடங்குவரை கூடக்கூடும் என்பதால், கோடையில் 50 டிகிரியைத் தாண்டும் ஓட்டுக்கடியிலுள்ள பரணிலோ, வெயிலில் நிற்கும் காரிலோ அதே டப்பா பல மடங்கு வேகமாகக் கிழடாகும். ஈரம், வெயில், கொதிகலன், மின்மோட்டார் எதுவும் அண்டாத, ஆள் புழங்கும் வீட்டின் குளிர்ந்த அறைதான் அதற்கு ஏற்ற இடம் என்பது இதிலிருந்து தானே வருகிறது. குளிர்ச்சிக்காகக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமே என்று தோன்றலாம். ஆனால் அது இறுக மூடும் பெட்டி, உள்ளேயே மின்பொறி உண்டாக்கும் பாகங்களும் உள்ளது. ஒரு கெடுதலைத் தவிர்க்க இரண்டைக் கூட்டி வைத்தது போலாகும்.

அளவு ஏன் முக்கியம் என்பதும் இங்கேதான் விளங்கும். சிதைவு வெப்பத்தை உண்டாக்குகிறது. அந்த வெப்பம் மருந்தின் கனஅளவு முழுவதும் பிறக்கிறது, ஆனால் வெளிப்பரப்பு வழியாக மட்டுமே வெளியேற முடியும். ஈரத்தோடு அடுக்கிய வைக்கோல் போர் நடுவில் சூடேறிப் பற்றிக்கொள்வதற்கும், கையளவு வைக்கோல் அப்படிப் பற்றாமல் இருப்பதற்கும் இதுவே காரணம். சைப்ரஸ் நாட்டில் நடந்தது இதன் பெரிய வடிவம். 2009-இல் ஒரு சரக்குக் கப்பலிலிருந்து பறிமுதல் செய்த 98 கன்டெய்னர் வெடிபொருள், மாரி என்ற ஊருக்கருகே கடற்படைத் தளத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் திறந்த வெயிலில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. அதில் துப்பாக்கி, பீரங்கி மருந்தும் இருந்தது. 2011 ஜூலை முதல் வாரத்தில் ஒரு கன்டெய்னர் உள்ளழுத்தத்தால் உப்பிச் சிதைந்தது. ஜூலை 11 விடியற்காலையில் அனைத்தும் வெடித்து, தீயணைக்கப் போனவர்கள் உட்பட 13 பேர் இறந்தனர். அருகிலிருந்த, தீவின் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதியைத் தந்த மின்நிலையம் முடங்கியது. 2015 ஆகஸ்ட் 12-இல் சீனாவின் தியான்ஜின் துறைமுகத்தின் ஒரு பகுதியை அழித்த விபத்தின் தொடக்கமும் இதே இனம்தான். ஈரப்பதத்துடன் இருக்க வேண்டிய நைட்ரோசெல்லுலோஸ் உலர்ந்து, வெப்பத்தில் தானே பற்றியது, தீ அருகிலிருந்த அம்மோனியம் நைட்ரேட்டுக்குப் பரவியது என்றது விசாரணை.

ஒரு பவுண்டு டப்பா கன்டெய்னர் அல்ல, உண்மைதான். சிறிய டப்பாவில் உண்டாகும் சொற்ப வெப்பம் உடனுக்குடன் வெளியேறிவிடும். அதனால்தான் பல டப்பாக்களை ஒரே பீப்பாயில் கொட்டிச் சேர்ப்பது தவறு. ஆலை டப்பாவை மாற்றக்கூடாது என்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. அது எளிதில் வாய் திறக்கும்படி வடிவமைத்தது, அதன் மேல் மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும் இருக்கும். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரு மருந்துகளின் எரிவேகம் வெகுவாக வேறுபடலாம், பெயர் தெரியாத மருந்தைத் தோட்டாவில் போட்டால் துப்பாக்கியே சிதறும். கண்ணாடிப் புட்டி கூடவே கூடாது. வேலை முடிந்ததும் அளவைக் கருவியில் மிஞ்சியதை அங்கேயே விடுவதும் தவறு, நைட்ரோகிளிசரின் சேர்ந்த வகைகள் அதன் பிளாஸ்டிக்கை அரித்துவிடும். தோட்டாவின் அடியில் பொருத்தும் தட்டுமருந்து மூடிகள் அடிபட்டாலே வெடிப்பவை, அவற்றை மருந்தோடு சேர்த்து வைக்கக்கூடாது.

கெட்டுப்போவதை மருந்து முன்கூட்டியே சொல்லிவிடும் என்பது ஆறுதலான செய்தி. நல்ல புகையிலா மருந்து டப்பாவைத் திறந்தால் ஈதரும் ஆல்கஹாலும் கலந்த, மூக்கைக் குளிரச் செய்யும் ஒரு கரைப்பான் வாசனை வரும். ஆலையில் பயன்பட்ட கரைப்பானின் மிச்சம் அது, அஞ்ச வேண்டியதில்லை. கெட்ட மருந்தின் நெடி மூக்கில் சுருக்கென்று ஏறும் அமில நெடி. மூடியின் உட்புறம் துரு, மணிகளின்மேல் செம்பழுப்புத் தூசி, சில சமயம் மூடியைத் திறந்ததும் பழுப்பு நிறப் புகை. இவற்றில் எதைக் கண்டாலும் அந்த டப்பாவுக்கு வீட்டில் இடமில்லை. உள்ளூர் தீயணைப்புத் துறையிடம் கேட்டு அகற்றுவது நல்லது. திறந்த வெளியில் மெல்லிய படலமாகப் பரப்பி எரித்துவிடும்படி தயாரிப்பாளர்கள் சொல்வதன் தர்க்கமும் நாம் பார்த்ததே: படலமாகப் பரப்பினால் அழுத்தம் சேர வழியில்லை.

கருமருந்தின் கதை இதற்கு நேர்மாறு. அதிலுள்ள மூன்று பொருள்களும் சாதாரண வெப்பநிலையில் ஒன்றையொன்று தொந்தரவு செய்வதில்லை, அதனால் அதற்கு மூப்பு இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தது 1865-இல். அந்தக் காலத்துப் பீரங்கிக் குண்டு ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்த சேகரிப்பாளர் ஒருவர் 2008-இல் வர்ஜீனியாவில் அது வெடித்து இறந்தார். கருமருந்தைக் கெடுப்பது ஈரம் ஒன்றுதான். ஈரம் பட்டால் வெடியுப்பு கரைந்து, காயும்போது பெரிய படிகமாகத் தனியே பிரிந்து நிற்கும். மருந்து மந்தமாகும், ஆனால் முழுதாகச் செத்துப்போனது என்று நம்ப முடியாது. காலம் இதற்குப் பகை இல்லையென்றாலும் தீப்பொறி கொடிய பகை. புகையிலா மருந்தைவிட இது எளிதில் பற்றும், காற்றழுத்தத்திலேயே வேகமாக எரியும். ஆகவே பெட்டி இளகிக்கொடுப்பது கருமருந்துக்கு அவசியம், ஆனால் அதுமட்டும் போதாது. அளவும் குறைய வேண்டும். பிரிட்டனில் கருமருந்து வைப்போர் பயன்படுத்தும் மரப்பெட்டி உள்ளே பல அறைகளாகத் தடுக்கப்பட்டு, ஓர் அறையில் சுமார் அரைக் கிலோ மட்டும் வைக்கும்படி இருப்பது இதனால்தான்.

இதற்கெல்லாம் எழக்கூடிய முதல் மறுப்பு நியாயமானது. வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், திருடன் வரலாம், பலகைப் பெட்டி எதைத் தடுக்கும்? இங்கே இரண்டு வலிமைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கையைத் தடுக்கும் வலிமை வேறு, வாயுவை அடைக்கும் வலிமை வேறு. ஓர் அங்குலப் பலகைக்கு நல்ல தாழ்ப்பாளும் பூட்டும் போட்டு, அலமாரியைச் சுவரோடு முடுக்கிவிட்டால் குழந்தையின் கை நுழையாது. அழுத்தம் வந்தால் அதே அலமாரியின் மேல்பலகை எழும்பி வழிவிடும். திருடனை அது நெடுநேரம் நிறுத்தாது என்பது உண்மை. துப்பாக்கியை இரும்புப் பெட்டகத்தில் வையுங்கள், மருந்தை வேறிடத்தில் வையுங்கள் என்பதுதான் அதற்கு விடை. இரண்டாவது மறுப்பு, தீயைத் தாங்கும் பெட்டகம் இருக்கிறதே என்பது. அத்தகைய பெட்டகம் உள்வெப்பம் ஏறுவதை அரை மணியோ ஒரு மணியோ தள்ளிப்போடுகிறது, அதற்குள் தீ அணைந்தால் நல்லது. அணையாவிட்டால், தீயணைப்பு வீரர்கள் வீட்டுக்குள் நுழைந்திருக்கும் நேரத்தில் அது குண்டாக மாறும்.

மூன்றாவது மறுப்பு அனுபவத்தைச் சான்றாகக் காட்டும். தாத்தா காலத்து மருந்து இன்றும் நன்றாகச் சுடுகிறதே, இத்தனை எச்சரிக்கை எதற்கு? சுடுகிற மருந்து பிழைத்த மருந்து. அது குளிர்ந்த இடத்தில், சிறிய டப்பாவில் இருந்தது என்பதைத்தான் காட்டுகிறதே தவிர, பரணில் இருந்திருந்தால் என்னாகியிருக்கும் என்பதைக் காட்டவில்லை. நான்காவது மறுப்பு வரலாற்றிலிருந்து வரும். கோட்டைகளின் மருந்துக் கிடங்குகள் தடித்த கல்சுவரால் கட்டப்பட்டவை அல்லவா? அந்தச் சுவர் எதிரியின் குண்டை வெளியே நிறுத்தக் கட்டியது. உள்ளே பிடித்த தீயை அது அடக்கியதில்லை. 1654 அக்டோபர் 12-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பழைய கன்னிமாடத்தில் இருந்த மருந்துக் கிடங்கு வெடித்து ஊரின் பெரிய பகுதி ஒன்றை அழித்தது, ஓவியர் கேரல் ஃபப்ரிஷியஸ் அதில் இறந்தார். இன்றைய வெடிபொருள் ஆலைகள் பாடம் கற்றுக்கொண்டன. மூன்று பக்கம் உறுதியான சுவர், ஆளில்லாத திசையை நோக்கி நான்காவது பக்கம் மெல்லிய தடுப்பு, மேலே லேசான கூரை, கட்டடங்களுக்கிடையே இடைவெளி என்ற அமைப்பு நம் மரப்பெட்டியின் அதே சிந்தனையைப் பெரிதாக்கியது. சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் சிறு சிறு அறைகள் விலகி விலகி நிற்பதும் இதே கணக்குதான். ஆனால் அலுமினியப் பொடி கலந்த பட்டாசுக் கலவை, அடைப்பே இல்லாமலும் வெடிக்கக்கூடியது, ஈரம் பட்டால் தானே சூடேறக்கூடியது. அதை வீட்டில் வைக்க எந்தப் பெட்டியும் ஏற்றதல்ல.

ஆகவே நெடுநாள் சேமிப்பு என்ற ஆசையையே கொஞ்சம் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. விலை ஏறும், கடையில் கிடைக்காமல் போகும் என்ற பயத்தில் வாங்கிக் குவிப்பவர், காலத்தையும் அளவையும் ஒருசேரத் தனக்கு எதிராகத் திருப்பிக்கொள்கிறார். வாங்கிய தேதியை டப்பாவில் எழுதி, பழையதை முதலில் செலவழித்து, ஓரிரு பருவத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்திருப்பவருக்குப் பாதிப் பாதுகாப்பு பெட்டி செய்வதற்கு முன்பே கிடைத்துவிடுகிறது. மீதிப் பாதியில் அண்டை வீட்டாருக்கும் பங்குண்டு. 1783-இல் பாஸ்டன் நகருக்கென்று வந்த ஒரு சட்டம், மருந்து நிரப்பிய துப்பாக்கிகளை வீட்டில் வைக்கத் தடை விதித்தது. தீப்பிடித்த வீட்டை அணைக்க ஓடிவருபவர்களுக்கு அது ஆபத்து என்பதே அச்சட்டம் சொன்ன காரணம். சைப்ரஸிலும் தியான்ஜினிலும் இறந்தவர்களில் தீயணைக்க வந்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால் அந்தக் காரணம் இன்னும் பழசாகவில்லை என்பது தெரியும். வீட்டில் மருந்து இருக்கிறது, எந்த அறையில் எவ்வளவு இருக்கிறது என்பதை அலமாரியின்மேல் எழுதி ஒட்டுவதும், தீ என்று அழைக்கும்போது முதல் வாக்கியத்திலேயே சொல்வதும், பலகையின் கனத்துக்கு இணையான பாதுகாப்புதான்.